எலி போகாத வாசல்

மட்டாஞ்சேரிக்கு வந்து இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டேன். காலையில் அலுவலகப் படியேறும்போது தும்முவது மட்டும் இன்னும் நிற்கவில்லை. எங்கள் அலுவலகம் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில் இருக்கிறது. கீழே சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். முற்றத்தில் இஞ்சியைச் சுண்ணாம்பில் புரட்டிக் காயப்போட்டிருப்பார்கள். அந்தக் காரம் காற்றில் ஏறி, மாடிப்படியில் எனக்காகவே காத்திருக்கும் போல. ஆசை தீரத் தும்மிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவேன். ஊர்க்காரர்கள் ஒருவர்கூடத் தும்முவதில்லை. மூட்டை தூக்குகிற சேட்டன்மார் என்னைக் கண்டதும், "வந்நல்லோ தும்மல் மேடம்" என்று சிரிப்பார்கள். அந்தக் காற்றைக் குடித்தே வளர்ந்த மூக்குகள், அவர்களுக்கென்ன!

ஊரில் இருக்கிற உங்களுக்குக் கொச்சி என்றால் பக்கத்து வீடு. மலைக்கு அந்தப் பக்கம்தானே, ஒரு ராத்திரி ரயில்தானே என்பீர்கள். நம்பாதீர்கள். பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு இது. நான் சிவகாசிப் பக்கத்துக்காரி. அப்பா பட்டாசு ஆலையில் கணக்குப் பிள்ளை. படித்து முடித்ததும் சென்னைக்குப் போய், மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் பல வருஷம் குப்பை கொட்டினேன். அங்கே மேலதிகாரி உள்ளே வந்தால் எழுந்து நிற்கக் கால் தானாகத் துடிக்கும். இங்கே முதல் நாள் முதலாளியை "சார்" என்றேன். அவர் திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். அத்தனை பேருக்கும் அவர் விநோதேட்டன்தான். சாயா குடித்த கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிற முதலாளியை நான் அதுவரை சினிமாவில்கூடப் பார்த்ததில்லை.

பக்கத்து நாற்காலி ஷீஜாவை நான் மரியாதையாக "மேடம்" என்று அழைத்தேன். அதற்கு அவர் சில நாள் என்னோடு சரியாகப் பேசவே இல்லை. பிறகு ஒரு சாயா நேரத்தில் நேராகவே கேட்டுவிட்டார்: "எடீ, நினக்கு என்னோட பிணக்கமா? எதுக்கு மேடம் மேடம்னு தள்ளி நிறுத்துறே?" மரியாதை கொடுத்தால் கோபம் என்று எடுத்துக்கொள்கிற ஊர், என்னத்தைச் சொல்ல! அன்றிலிருந்து அவர் எனக்கு ஷீஜா சேச்சி. முத்துலட்சுமியாகிய நான் அவருக்கு முத்து. அவருடைய குடும்பம் நகராட்சி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து கொச்சியிலேயே தங்கிப்போன குடும்பம். தமிழ் பேசுவார், ஒரு எழுத்து வாசிக்க வராது. கல்யாணமாகிப் போனது ஏலூருக்கு. கணவர் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வீடு ஒரு ரசாயன ஆலையின் மதிலை ஒட்டி இருக்கிறது. நடுவில் ஒரு தெருதான்.

அந்த ஆலைக்குத்தான் நாங்கள் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். அமோனியா தொட்டிகளைச் சுற்றிச் சென்சார்கள் வைத்திருப்பார்கள். காற்றில் அமோனியா அளவு மீறினால் அபாயச் சங்கு தானாக ஊத வேண்டும். அதுவரை, யாராவது மோப்பம் பிடித்து, ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்துகிற ஏற்பாடுதான் இருந்தது. சென்சார் சொல்வதை வாங்கிச் சங்குக்குச் சொல்கிற பகுதியை எழுதியவர் ஷீஜா சேச்சி. அவருடைய இரண்டு பிள்ளைகள் தூங்குகிற அறையின் ஜன்னல் அந்த மதிலைப் பார்த்தபடி இருந்தது. அந்த வேலையை அவர் ஆபீஸ் வேலையாகச் செய்யவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். மழைக்கு முன்னால் புதிய சங்கு வந்துவிட வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆலைக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். எழுதிய நிரலில் தொண்ணூறு சதவீதமாவது சோதனைக்கு உட்பட்டது என்று அறிக்கை கொடுத்தால்தான் சங்கோடு இணைப்பார்கள். எங்கள் தொழிலில் இதற்குக் கவரேஜ் என்று பெயர். அதை அளக்கப் பல கருவிகள் உண்டு. எதை எடுப்பது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கவரேஜ் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. எலித் தொல்லை இருக்கிற வீட்டில் ராத்திரி தரையில் மாவைத் தூவிவிட்டுப் படுத்தால், காலையில் எலி எங்கெல்லாம் நடந்தது என்று தெரிந்துவிடும் அல்லவா, அதுதான் சங்கதி. நிரலைக் கருவியிடம் கொடுத்து, நம் சோதனைகளை ஓடவிட வேண்டும். ஓட்டம் கால் வைத்த வரிகளைப் பச்சையாகவும், வைக்காத வரிகளைச் சிவப்பாகவும் அது காட்டும். சென்னையில் நாங்கள் அறிக்கையின் மேலே இருக்கிற சதவீதத்தை மட்டும் பார்த்து, மேலே அனுப்பிவிட்டு, காபி குடிக்கப் போவோம். உள்ளே திறந்து பார்க்க யாருக்கு நேரம்? இங்கேதான் முதன்முதலாக உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். யம்மாடி! இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் சோறு தின்றும், இப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லையே என்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் நொடியில் ஓடி முடிகிற ஒன்று, தான் போன வழியையும் போகாத வழியையும் இப்படிப் படம் போட்டுக் காட்டுமா? பார்க்கப் பார்க்க அதிசயமாக இருந்தது.

கடைசியில் இரண்டு கருவிகள் மிஞ்சின. ஒன்று வரிகளை மட்டும் எண்ணும். எலி இந்த அறைக்குள் வந்ததா, வந்தது, பச்சை. அவ்வளவுதான். இன்னொன்று வாசல்களையும் எண்ணும். இந்த அறைக்கு இரண்டு வாசல் இருக்கிறதே, எலி இரண்டு வழியாகவும் ஒரு முறையாவது வெளியே போனதா என்று கேட்கும். ஒரு வாசல் வழியாகப் போகவே இல்லையென்றால் அந்த வரியை மஞ்சளாக்கிவிடும். முதல் கருவி எங்களுக்குத் தொண்ணூற்று நான்கு கொடுத்தது. இரண்டாவது அறுபத்திரண்டு கொடுத்தது. ஷீஜா சேச்சி உடனே பெயர் வைத்துவிட்டார்: முதலாவது பாயசம், மற்றது கஷாயம்.

விநோதேட்டன் கூட்டம் போட்டார். இங்கே கூட்டம் என்றால் நம் ஊர்க் கூட்டம் இல்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் முதலாளி முகத்தைப் பார்த்து "அது தெற்றாணு" என்பான். முதலாளியும் எங்கே தப்பு என்று கேட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். நானோ எழுந்து நின்றுவிடாமல் இருக்க நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். அன்று ஷீஜா சேச்சி பாயசத்தின் பக்கம் நின்றார். நான் கஷாயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல ஆரம்பித்ததும் கையமர்த்தினார்.

"முத்தே, எனக்குச் சங்கு வேணும், மார்க்கு வேண்டா. மழைக்கு முன்னாடி அது ஊதணும். என்ட பிள்ளேர் அங்ஙன ஒறங்குது. மனசிலாயோ?"

 நானும் கஷாயத்தை மூடிவைத்தேன். பாயசம் என்றே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தவள், இரண்டு கருவிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பத்தி சேர்க்கலாம் என்று கஷாயத்தை மறுபடி திறந்தேன். நல்ல உதாரணமாக ஒரு மஞ்சள் வரி தேடினேன். ஷீஜா சேச்சி எழுதிய பகுதியில் ஒரே ஒரு மஞ்சள் வரி இருந்தது. சென்சாரிடமிருந்து பதில் வந்தால் அந்த அளவைக் குறித்துக்கொள் என்கிற வரி. பதில் வந்தால், சரி. வராவிட்டால்? அந்த வாசல் வழியாக எங்கள் சோதனை ஒரு முறைகூடப் போனதில்லை. போனால் என்ன ஆகும் என்று நிரலைத் தொடர்ந்து படித்தேன். ஒயர் அறுந்து சென்சார் ஊமையாகிவிட்டால், கடைசியாக அது சொன்ன அளவையே நிரல் வைத்துக்கொண்டிருக்கும். கடைசியாகச் சொன்னது நல்ல சேதியென்றால், அந்த நல்ல சேதியையே விடிய விடியச் சொல்லிக்கொண்டிருக்கும். தொட்டி பிளந்தாலும் சங்கு ஊதாது. 

சென்னையாக இருந்தால் இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சம்பந்தப்பட்டவர் மனம் நோகாமல், மேலதிகாரிக்கும் தெரியாமல், ஜாடைமாடையாக. அந்த வித்தையெல்லாம் யோசித்துக்கொண்டு சேச்சியின் பின்னால் போய் நின்றேன்.

"எந்தாடீ பேயறைஞ்ச மாதிரி நிக்கே? சாயா ஆறிப்போவும், பற, என்னன்னு சொல்லு."

என் கம்ப்யூட்டரில் அந்த மஞ்சள் வரியைக் காட்டினேன். சேச்சி குனிந்து படித்தார். மறுபடி படித்தார்.  எழுந்து போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போனது ஓரத்து மேசைக்கு. அங்கே ஒரு சென்சாரையும், சங்குக்குப் பதிலாக ஒரு சிவப்பு விளக்கையும் சோதனைக்காக மாட்டி வைத்திருந்தோம்.

"எல்லாரும் இங்கோட்டு வா. விநோதேட்டா, நீயும் வா!"

எல்லாரும் வந்தோம். சேச்சி சென்சாரின் ஒயரைப் பிடுங்கினார். பக்கத்தில் அமோனியாக் கரைசல் பாட்டில் இருந்தது. அதன் மூடியைத் திறந்து சென்சாரின் மூக்கடியில் வைத்தார். யப்பா, கண்ணா மூக்கா! எல்லாரும் இருமிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினோம். தும்மலே அறியாத கீழ்க்கிடங்குச் சேட்டன்மார் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, "எந்தா ஈ நாற்றம்? ஆளெக் கொல்லுமோ?" என்று கத்திக்கொண்டே படியேறி வந்தார்கள். அறை முழுக்க அமோனியா. திரையில் மட்டும் பச்சை எழுத்தில் "நார்மல்" என்று இருந்தது. விளக்கு எரியவே இல்லை.

கண்ணில் நீர் வழிய நடுவில் நின்றுகொண்டு சேச்சி சொன்னார்: "கண்டோ? இது நான் எழுதினது. தப்பு என்டது. இதைக் கொண்டுபோய் என் பிள்ளேர் தலைமாட்டுல வைக்கப் பார்த்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கஷாயம் தந்நெ வேணும். யார் எழுதினதானாலும் எல்லா மஞ்சளும் எனக்குக் காட்டு."

நான் அசந்துபோய் நின்றேன். தன் தப்பைத் தானே கூட்டம் கூட்டி, ஜன்னலைத் திறந்து, தெருவுக்கே மணக்க மணக்கக் காட்டிய ஒருவரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. யாரும் "ச்சொ" கொட்டவில்லை, யாரும் குத்திப் பேசவில்லை. விநோதேட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆலைக்குப் போன் போட்டு, "ஞங்ஙளுடெ கவரேஜ் அறுபத்திரண்டாணு" என்றார், ஏதோ மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. அந்தப் பக்கம் கத்தினார்கள். ஒப்பந்தம் போயிற்று என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இரண்டு நாள் கழித்து ஆலையின் பாதுகாப்பு அதிகாரி நேரில் வந்தார். ஓரத்து மேசையில் தன் கையாலேயே ஒயரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, சாயா குடித்துவிட்டுப் போனார். அவகாசம் கிடைத்தது.

அந்த அவகாசத்தின் விலை சேச்சிக்குத்தான். மழை வந்துவிட்டது, சங்கு வரவில்லை. பிள்ளைகளை மட்டாஞ்சேரியில் தன் அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார். சாயங்காலம் அவர்களுக்குச் சோறு ஊட்டிவிட்டு, நனைந்துகொண்டே பஸ் பிடித்து ஏலூருக்குத் தனியாகப் போவார். பயமாக இருக்கிறதா என்று அவர் பாஷையிலேயே ஒரு நாள் கேட்டேன்: "பேடி உண்டோ சேச்சி?" "உண்டு. நல்ல பேடி உண்டு" என்றார். காலையில் வந்ததும் முதல் வேலையாக அடுத்த மஞ்சள் வரியைத் திறப்பார். ஒவ்வொரு வாசலாக இருவரும் போய்ப் பார்த்தோம். சில வாசல்களுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. சிலவற்றுக்குப் பின்னால், சங்கு ஊதாமலே போகிற இன்னொரு வழி இருந்தது.

மழை ஓய்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலூரில் ஒத்திகை வைத்தார்கள். தெருக்காரர்கள் எல்லாருக்கும் முன்பே சொல்லியிருந்தார்கள்: சங்கு ஊதினால் ஆலைக்கு முதுகைக் காட்டி, காற்றுக்குக் குறுக்கே ஆற்றுப்பக்கம் நடக்க வேண்டும். நான் சேச்சி வீட்டு வாசலில் நின்றேன். பிள்ளைகள் அவர் இடுப்பை ஒட்டி நின்றார்கள். ஆலைக்குள் விநோதேட்டன் ஒரு சென்சாரின் ஒயரைப் பிடுங்க வேண்டும், பதில் வராததையே அபாயமாக எடுத்துக்கொண்டு சங்கு ஊத வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு சென்சார் பேசாமல் போனது. சங்கு ஊதிற்று. அடேயப்பா, அந்தச் சத்தம்! ஆற்றைத் தாண்டி எதிர்க்கரை வரைக்கும் போயிருக்கும். ஒரு ஒயரின் மௌனத்துக்கு இத்தனை பெரிய குரல். சேச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தெரு முழுக்க ஜனங்கள் கதவைச் சாத்திவிட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நடந்தார்கள்.

"எடீ முத்தே! எங்கோட்டாக்கும் போறே? அங்ஙன போவாண்டா!"

அப்போதுதான் தெரிந்தது, நான் மதிலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். அத்தனை பேரும் இந்தப் பக்கம் வர, நான் ஒருத்தி மட்டும் அந்தப் பக்கம். எங்கள் ஊரில் வெடிச் சத்தம் கேட்டால் பட்டாசு ஆலையை நோக்கித்தான் ஓடுவோம். அம்மா அடுப்பை அணைக்காமல் ஓடுவாள், நான் செருப்பில்லாமல் ஓடுவேன், தெருவே ஓடும். வேலியருகே கூட்டத்தில் அப்பாவின் வெள்ளைச் சட்டை தெரிகிற வரைக்கும் மூச்சு வராது. அங்கே சத்தம் என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்பா இன்றைக்கும் அதே ஆலைக்குத்தான் போய் வருகிறார்.

போனை எடுத்து அவரை அழைத்தேன். எடுத்ததும் ஒன்றும் சொல்லாமல் போனைச் சங்கின் பக்கம் நீட்டினேன். காதில் வைத்தபோது அப்பா அலறிக்கொண்டிருந்தார்: "எங்கனம்மா வெடிச்சது? ஒனக்கு ஒண்ணுமில்லையே? யார் யாரு உள்ள?"

"எதுவும் ஆகலப்பா. இது ஆகிறதுக்கு முன்னாடியே ஊதுற சங்கு."

 அலறல் அடங்கி, அப்பா மெதுவாகக் கேட்டார்: "முன்னாடியேவா?"

"ஆமாப்பா. முன்னாடியே."

"வச்சிராத தாயி. இன்னுங் கொஞ்ச நேரம் கேக்குறேன்."

சேச்சி ஓடி வந்து என் இடது கையைப் பற்றி ஆற்றுப்பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தார். வலது கையில் இருந்த போனை, பின்னால், சங்கு ஊதுகிற திசைக்கு நீட்டிப் பிடித்தபடியே நானும் அவர் பின்னால் நடந்தேன்.