அவர் தோண்டிய கிணற்றைப் பார்க்கப் போனேன்

பெங்களூர்க்காரர்களுக்குக் கடல் பார்க்க ஆசை வந்தால் மெட்ராஸுக்கு ரயில் ஏறுவார்கள். நான் போன மே மாதம், பள்ளிக்கூட விடுமுறையில், மைசூர் வழியாகக் கோழிக்கோட்டுக்கு பஸ்ஸிலும் அங்கிருந்து ஓர் இரவு முழுவதும் கப்பலிலுமாக, மேற்குக் கடலில் இருக்கும் லக்கதீவுகளில் ஒன்றுக்குப் போய்வந்தேன். கடல் பார்க்கப் போகவில்லை. என் வீட்டுக்காரரை அழைத்துவரப் போனேன். எந்தத் தீவு என்று எழுதக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். காரணம் போகப்போகத் தெரியும். அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு வழி எல்லாத் தீவுக்கும் ஒன்றுதான், ஆகையால் பெயர் இல்லாததால் நஷ்டமில்லை.

என் வீட்டுக்காரர் கோலார் தங்கவயலில் வாலிபம் முழுவதையும் சுரங்கத்துக்குள் கழித்தவர். நெஞ்சில் தூசி சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு அந்த வேலையை விட்டுப் பெங்களூருக்கு வந்தோம். எனக்கு அல்சூரில் ஒரு தமிழ்ப் பள்ளியில் டீச்சர் வேலை. அவர் ஆனேக்கல், ஓசூர் பக்கமெல்லாம் கிணறு வெட்டினார். கே.ஜி.எஃப். மேஸ்திரி இறங்கினால் தண்ணீர் வராமல் போகாது என்று அங்கே பேர். பாறை ஐம்பது அடி நின்றாலும் விடமாட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருக்கிற பிடிவாதத்தை ஆளுக்குப் பாதியாக வளர்த்துவருகிறோம்.

தீவில் புதிதாகக் கட்டும் மருந்தகத்துக்கு ஒரு கிணறு வேண்டும் என்று ஒரு காண்ட்ராக்டர் அவரை அழைத்துப்போனார். மார்கழியில் போனவர் பங்குனியில் திரும்பியிருக்க வேண்டும். பங்குனி போய்ச் சித்திரையும் வந்தது. அவரோடு போயிருந்த ஆனேக்கல் கொத்தனார் மாரி மட்டும் ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, அண்ணன் வரமாட்டேன்னுட்டாரு."

"இன்னாத்துக்கு?"

"கெணறு உப்பாயிடுச்சிக்கா. அது நல்லாவுற வரைக்கும் நவுரமாட்டேன்றாரு. மே மாசத்துல ஒரே ஒரு கப்பல்தான் பாக்கி. அத வுட்டா மழ முடியற வரைக்கும் கப்பலே கெடையாது. நீ போய்ச் சொன்னாதான் கேப்பாரு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கிணறு உப்பானால் வேறொன்று வெட்டிவிட்டு வரவேண்டியதுதானே? கட்டியவளை விட்டுவிட்டுக் கிணற்றோடு குடித்தனமா? மாரிக்குக் காபி கொடுத்து அனுப்பிய கையோடு டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அவருக்குப் பிடிக்குமென்று கேழ்வரகு மாவு மூன்று சேர் திரித்துக்கொண்டேன். கோபம் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம்.

கலாசிபாளையத்தில் காலை ஆறு மணிக்கு மைசூர் பஸ். மூன்றரை ரூபாய். தொண்ணூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவு, பத்தரைக்குப் போய்விட்டது. மத்தூரில் வடை வாங்கிச் சாப்பிடுங்கள், மைசூரில் சாப்பிட நேரம் இருக்காது. அங்கே கோழிக்கோட்டு பஸ்ஸுக்கு ஐந்தேகால் ரூபாய். குண்டுலுப்பேட்டை தாண்டினால் காடு. அதன்பின் வயநாட்டு மலையிலிருந்து இறங்கும் ஒன்பது கொண்டைஊசி வளைவுகள். பாதி பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் எலுமிச்சம்பழம் ஒன்றை என் கையில் திணித்து, "மூஸி நோடிம்மா, கண்ணு முச்சிக்கோ" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தேன், பலித்தது. இரவு எட்டு மணிக்குக் கோழிக்கோடு. ரயிலடிக்கு எதிரே பெண்கள் தனியாகத் தங்கக்கூடிய ஒரு லாட்ஜ் இருக்கிறது, அறை இரண்டு ரூபாய், மூட்டைப்பூச்சி இலவசம்.

அனுமதிச் சீட்டு இல்லாமல் தீவுக்குப் போகமுடியாது. காலையிலேயே அதற்கான ஆபீசுக்குப் போய்விடுங்கள். காண்ட்ராக்டரிடம் வாங்கிய கடிதம் என்னிடம் இருந்தது. அதைப் படித்துப் பார்த்த குமாஸ்தா என்ன காரியமாகப் போகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார்.

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வர."

"வருமோ?" என்றார் அவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து.

"ஏன் வராம?" என்றேன். சீட்டு கிடைத்தது.

கப்பல் கரைக்கு வராது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய இரும்புப் பாலத்தின் முனையிலிருந்து படகில் இறங்கி, அலையில் ஆடிக்கொண்டு போய், கப்பலின் பக்கத்தில் தொங்கும் ஏணியில் ஏறவேண்டும். புடவைக்காரிகள் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொள்வது நல்லது, கௌரவம் பார்த்தால் கடலுக்குள் பார்க்கவேண்டிவரும். டெக்கில் ஏழு ரூபாய். அரிசி மூட்டை, ஆடு, கோழி, குழந்தைகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். மாலை ஐந்துக்கு நங்கூரம் எடுத்தார்கள். இருட்டும்வரை நன்றாக இருந்தேன். அப்புறம் வயிறு என் வசத்தில் இல்லை. பக்கத்தில் படுத்திருந்த அம்மாள் ஒரு துண்டு புளியை என் வாயில் வைத்து, தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். பெயரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. இந்தக் கடலையா என் வீட்டுக்காரர் தனியாகத் தாண்டிப் போனார் என்று நினைத்துக்கொண்டேன். கோபம் அந்த இரவில் பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

விடிந்தபோது தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. கரும்பச்சை போய் இளம்பச்சை, அதற்குள் கை விட்டால் தொட்டுவிடலாம் போலத் தரை. தீவைச் சுற்றிப் பவளப்பாறை வேலி கட்டியிருப்பதால் கப்பல் வெளியே நின்றுவிடும், சின்னப் படகில் உள்ளே போகவேண்டும். மணல் வெள்ளை, மற்றதெல்லாம் தென்னை. ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கால் மணி நேரம் நடந்தால் போதும். கப்பல் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் காலை திரும்பி வரும், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள்.

மருந்தகத்துக்கு வழி கேட்டு நடந்தேன். எதிரே ஒருவர் காவடியில் இரண்டு மண்ணெண்ணெய் டின் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். கறுத்து, இளைத்து, தாடி விட்டிருந்தார். நெருங்கிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

"டீச்சரம்மா!" என்றார் டின்னை இறக்காமலே. "நீ எங்க இங்க?"

"உங்க கெணத்தப் பாக்க வந்தேன்."

அவர் முகத்தில் சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்தாற்போல வந்தது. கோபத்தின் மீதிப் பாதியும் அங்கேயே போய்விட்டது, நான் காட்டிக்கொள்ளவில்லை.

கிணறு நடந்த கதையை அவரே சொன்னார். இந்தத் தீவு முழுவதும் மணலும் பவளக்கல்லும்தான். பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேலே நிற்கிறது. ஆறடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், அதோடு நிறுத்திவிட வேண்டும். தீவுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். இவர் கேட்கவில்லை. "எங்கூர்ல ஆறடின்னா அதுக்குப் பேரு கெணறு இல்ல, குழி" என்று சொல்லிவிட்டு, அடியில் இருந்த கல்லை உடைத்துப் பதினைந்து அடிக்குப் போய்விட்டார். ஆனேக்கலில் பேர் வாங்கிக் கொடுத்த அதே கை. தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்ததும் இவரும் மாரியும் ஆடினார்களாம். சில நாளில் கரித்தது, அப்புறம் உப்பு. அதோடு விட்டதா? பக்கத்து வீட்டுப் பாத்துமாவின் கிணறும் சேர்ந்து உப்பாகிவிட்டது. அவள் பாட்டனார் காலத்துக் கிணறு அது.

இவர் தன் கையாலேயே மணலும் கல்லும் கொட்டி மறுபடி ஆறடிக்குத் தூர்த்திருக்கிறார். இனி மழை பெய்ய வேண்டும். முதல் மழையில் ஊறுவதை இறைத்துக் கொட்டவேண்டும், அடுத்த மழையையும் இறைக்கவேண்டும், அப்படித்தான் உப்பு போகும். ஆனால் மழை வரும் முன்பே கப்பல் நின்றுவிடும். பாத்துமாவின் கிணறு நல்லாகும்வரை என்று, அரை மைலுக்கு அப்பால் பள்ளிவாசல் கிணற்றிலிருந்து பாத்துமா வீட்டுக்கு இரண்டு வேளையும் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். அவரை யாரும் சுமக்கச் சொல்லவில்லை.

என்னைத் தங்கவைத்தது பாத்துமாதான். முப்பது வயது இருக்கும், சிரித்த முகம், இரண்டு சின்னப் பெண்கள். அந்தத் தீவில் வீடு பெண்களுக்குச் சொந்தம். கணவன் தன் தாய்வீட்டில் இருப்பான், ராத்திரி மனைவி வீட்டுக்கு வருவான், விடிந்தால் போய்விடுவான். புருஷனைத் தேடி நான் கடல் தாண்டி வந்தது அவளுக்குப் பெரிய வேடிக்கை.

"இவிடெ ஆணுங்கள்தான் வரும்" என்றாள் சிரித்துக்கொண்டே. "பெண்ணு போகில்லா."

மருந்தகக் கொட்டகையில் தங்கியிருந்த என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் முகம் கழுவி, தலை வாரி, சாப்பாட்டுக்கு வந்து வாசலில் நின்றார். "மாப்பிள வந்நு!" என்று பாத்துமா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துக்குப் பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் கிணற்றுத் தண்ணீரில் களி கிண்டி வைத்திருந்தேன். ஒரு வாய் போட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்குது" என்றார்.

"நான் உப்பு போடல."

கை நின்றது.

"எல்லாரும் பரவால்ல, இப்ப தேவலன்றாங்க. மனசு நோவக்கூடாதுன்னு சொல்றாங்கோ. என் நாக்குக்கு ஒண்ணுமே புரியல. நீ ஒருத்தி வந்து சொன்னாத்தான் உண்டுன்னு இருந்தேன்." தட்டைத் தள்ளி வைத்தார். "நீ வான்னு சொல்லு, வந்துடறேன். ஒரே வார்த்த."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பெங்களூரிலிருந்து வந்திருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நாள் முழுவதும் சொல்லவில்லை. பாத்துமா எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "மேஸ்திரியெ கொண்டு போக்கோ. கிணறு எங்கும் ஓடிப் போகில்லா" என்று நூறு தரம் சொன்னாள். அவர் போய்விட்டால் அந்த இரண்டு டின்னும் அவள் தோளுக்கு வரும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை கப்பல் வந்தது. அவர் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்தார். தன் துணிமூட்டையும் கட்டித் தயாராக அக்குளில் இடுக்கியிருந்தார். நான் அதை வாங்கி அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தேன்.

"நீங்க இருங்க. தண்ணி நல்லானதும் வாங்க."

"கோவமா?"

"ஆமா, கோவம்தான். ஆனா இருங்க."

படகு நகரும்போது அவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கப்பலில் இரவு முழுவதும் அழுதேன். வயிறு ஒன்றும் செய்யவில்லை, அதற்கு இடமில்லை போலும். கோழிக்கோட்டில் அந்தக் குமாஸ்தாவின் கண்ணில் படாமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஜூனில் பெங்களூரில் தூறல் விழுந்தபோதெல்லாம் அங்கே எப்படியோ என்று நினைப்பேன். மழை முடிந்து முதல் கப்பலில் பாத்துமாவின் தம்பி கண் வைத்தியத்துக்காகப் பெங்களூருக்கு வந்தான். கையில் மெழுகு வைத்து அடைத்த ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர்.

"எல்லாரும் நல்ல வெள்ளம்னு சொல்லி. மேஸ்திரி விஸ்வசிச்சில்லா. டீச்சர் சொல்லணும்னு."

ஒரு மடக்குக் குடித்தேன். உப்பு தெரியவில்லை. ஆனால் ஆசைப்பட்ட நாக்கை எப்படி நம்புவது? அதே கேழ்வரகு மாவு, அதே பக்குவம், உப்பு ஒரு கல் போடாமல் களி கிண்டினேன். ஒரு வாய் வைத்தேன். சப்பென்று இருந்தது. வாயில் வைக்கமுடியாத சப்பு. சட்டி முழுவதையும் அழுதுகொண்டே தின்றேன்.

தந்தி ஆபீசில் "உப்பில்லை வரவும்" என்று எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா, "யாருக்கும்மா உப்பில்ல?" என்று கேட்டார். "எங்களுக்குத்தான்" என்றேன். தந்தி கோழிக்கோடு வரைதான், அங்கிருந்து அடுத்த கப்பலோடு போகும்.

போக நினைக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. தை முதல் சித்திரை வரை கடல் அமைதி. மே மாதக் கப்பலில் போனால் திரும்பி வருகிற நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மழை முடியும்வரை அங்கேயே இருக்கவேண்டியதுதான். புளியும் எலுமிச்சையும் மறக்கவேண்டாம். காய்கறி கொண்டுபோய்க் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள், அங்கே தேங்காயும் மீனும்தான் தாராளம். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். அந்த ஊர்க்காரர்கள் போதும் என்று சொன்னால் அது போதும்.

அவர் போன மாதம் வந்தார். நேராக உள்ளே வரவில்லை. முகம் கழுவி, தலை வாரி, விளக்கு வைத்த நேரத்துக்கு வாசலில் வந்து நின்று, "மாப்பிள வந்துருக்கேன்" என்றார். அந்தத் தீவில் விடிந்தால் கணவன் எழுந்து போய்விடவேண்டும். என்னுடையவர் விடிந்தும் போகவில்லை. இதை எழுதும்போது பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.