பாயை இறக்கியவள்

படகுப் பாயின் நனைந்த கித்தான் துணி வெயிலில் காயும்போது ஒரு மாதிரி புளித்த வாடை அடிக்கும்... அறுபதுகளில் எனக்கும் நூர்ஜகானுக்கும் அதுதான் சென்ட்.

நான் செம்பட்டி விவசாயி மகள். அவள் பேகம்பூர் தோல் வியாபாரி மகள். மதுரையில் ஒரே காலேஜ், போய்வர ஒரே ரயில். காலேஜில் பெண்களுக்குப் பாய்மரப் படகு பழக்கப்போகிறார்கள் என்றதும் முந்திக்கொண்டு பெயர் கொடுத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆத்தூர் அணையில் பயிற்சி. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நான் சுக்கான் பிடிப்பேன். பாய்க்கயிறு அவள் கையில்.

ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. "ஏத்தா சரசு, கம்மாயில தண்ணியே இல்லையே, படகை எங்கிட்டுத் தள்ளப்போற?"

நூர்ஜகானின் அத்தா மட்டும் சிரிக்கவில்லை. கயிறு உராய்ந்து புண்ணான மகளின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, மெல்லிய தோலில் கையுறை தைத்துக் கொடுத்தார். கூடவே ஒரு கண்டிஷன்.

"செயிச்சு மெட்ராஸ் போட்டிக்குப் போனா தொடர்ந்து ஓட்டு. இல்லேன்னா இதோட சரி."

அதே அணையில் ஆடி மாதம் போட்டி. மலையிலிருந்து காற்று அம்மாடி, அப்படி இறங்குகிறது! மிதக்கவிட்ட மூன்று சிவப்பு டிரம்களைச் சுற்றி வரவேண்டும். டிரம்மில் உரசினால் அவுட். நடுத்தண்ணீரில் நடுவர் கிடையாது, நாமாகவே விலகிக்கொள்ள வேண்டும்.

கடைசி டிரம்மைத் திரும்பும்போது நாங்கள்தான் முதலில். அடுத்த படகு வெகு பின்னால். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வீச்சு... படகின் வால் டிரம்மைத் தொட்டது. லேசாக, பூனை காலில் உரசுகிற மாதிரி.

"யாரும் பாக்கலடி, விடு" என்றேன்.

அவள் கரையைப் பார்த்தாள். அங்கே அவள் அத்தா நின்றுகொண்டிருந்தார்.

"பட்டுருச்சு சரசு."

கயிற்றை அவிழ்த்துவிட்டாள். பாய் சரிந்து எங்கள் மேலேயே விழுந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மெட்ராஸ் போச்சே!

கரையில் எல்லோரும் கயிறு அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். அத்தாவும் பதறி ஓடிவந்தார். "கயிறு அந்துருச்சாம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். பாவம், இன்னொரு தடவை பார்க்கட்டும் என்று விட்டிருப்பார்.

"இல்லத்தா. டிரம்முல உரசிருச்சு. நாந்தான் இறக்குனேன்."

அவர் குனிந்து படகைக் கரைக்கு இழுத்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "அப்ப அடுத்த வருசம் செத்த தள்ளித் திருப்புங்க" என்றார்.

அடுத்த வருடம் ஜெயித்து மெட்ராஸ் போனோம். கடல் எங்களைப் புரட்டி எடுத்துவிட்டது... கடைசி இடம்! நூர்ஜகான் அசரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் ஓட்டினாள், கோப்பைகளும் வாங்கினாள்.

போன வாரம் பேரனோடு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்று திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டுகிறார்கள். "பட்டுச்சா இல்லையான்னு அவனுக்கே தெரியாதாடா?" என்றேன்.

"தெரியும் அப்பத்தா. கேமராவுல தெரியலையே, அவன் ஏன் போகணும்?"

நடு அணையில், தன் ஆசை அத்தனையையும் ஒருத்தி தன் கையாலேயே இறக்கியதற்கு எந்தப் படமும் கிடையாது...

பார்த்தது நான் ஒருத்திதான்.