பேக்கரிக்கு மேலே ஒரு கட்டில்

ஜப்பானிலிருந்து விடுமுறையில் வந்து நாலைந்து நாளாகியும் நான் கண்டிக்கு வந்துவிட்டதை என் மூக்கு நம்பவில்லை. நேற்றுத்தான் நம்பியது. மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவில் போய்க்கொண்டிருந்தேன். பேக்கரியில் அப்போதுதான் தட்டை வெளியே இழுத்திருக்கிறார்கள். மீன் பணிஸ். சுட்ட மாவும் மிளகு தூக்கலான மீனும் ஓரத்தில் கருகிய வெங்காயமும் கலந்த அந்த வாசனை என்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டது. ஜப்பானில் என்னென்னவோ இருக்கிறது, இது இல்லை. இரண்டு வாங்கினேன். ஒன்றைக் கடித்துக்கொண்டே, எதற்கென்று யோசிக்காமல், பேக்கரியை ஒட்டிய மரப்படியில் ஏறிவிட்டேன்.

மேலே மாவு மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன.

"என்னா தம்பி, யாரத் தேடுறீங்க?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. யாரையும் இல்லை என்று சொல்லி இறங்கி வந்தேன். ஒரு கட்டிலைத் தேடினேன் என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்?

ஜப்பான் போவதற்கு முன் அந்த அறையில்தான் எங்களுக்கு முதியோர் பராமரிப்பு வகுப்பு நடந்தது. ஒரே ஒரு இரும்புக் கட்டில். எந்த வார்டிலிருந்து கழித்துவிட்டதோ, தலைப்பக்கத்தை உயர்த்தும் கைப்பிடியைச் சுற்றினால் பாதியில் இறுகிக்கொள்ளும். நோயாளி அரைகுறையாக எழுந்த நிலையிலேயே பாடம் முழுவதும் நடக்கும். பின்னேரம் கீழே அடுப்பு திறந்தால் எல்லோருக்கும் வயிறு சத்தம் போடும். கற்றுக்கொடுத்த மிஸ் மட்டும் அசரமாட்டார். கடுகண்ணாவைக்காரர், சிங்களவர், ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பியவர். சிங்களம், தமிழ், ஜப்பானியம் என்று மூன்று மொழியையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிப் பரிமாறுவார். எங்களுக்கு அது எளிதாகச் செரித்தது. கண்டிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழி வீட்டுக்கும் கடைக்குமாக ஏற்கெனவே இருக்கிறது, மூன்றாவதற்கு இடம் ஒதுக்குவது பெரிய விஷயமில்லை.

நான் நாவலப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வருவேன். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்து, மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதாமல், மூன்று கோர்ஸ் தொடங்கி மூன்றையும் பாதியில் விட்டவன். "டொக்டராகப் போறேன்னு போனவரு ஆயா வேலைக்கு வந்து நிக்கிறாரு" என்று எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு கூட்டமே என்னை வழியனுப்பி வைத்தது. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. முதல் வாரத்திலேயே உலகத்தின் எல்லா முதியோர் இல்லங்களையும் நான்தான் நடத்தப் போகிறேன் என்ற எண்ணம் வந்துவிட்டது. அப்படித்தான் நான், இப்போதும்.

வகுப்பின் முதல் விதி இதுதான். தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும், சரியா என்று கேட்க வேண்டும், பதில் வரும்வரை நிற்க வேண்டும். அதைவிடக் கடினமானது இரண்டாவது விதி. அந்த மனிதர் தானே செய்யக்கூடியதை நாம் செய்யக்கூடாது. கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? எங்கள் வீடுகளில் வளர்ந்த ஒருவரை நிறுத்திப் பாருங்கள். வயதானவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டும்போது பக்கத்தில் சும்மா நின்றால் அக்கம்பக்கத்தார் என்ன பேசுவார்கள்? தண்ணீர் கேட்கும் முன்னே செம்பு கைக்கு வரவேண்டும் என்றுதான் எங்களை வளர்த்தார்கள். வகுப்பில் எங்களைத் தோற்கடித்தது இந்த நல்ல வளர்ப்புத்தான்.

அதிலும் சுகந்தி. டவுனுக்குள்ளேயே இருக்கிற மஹய்யாவக்காரி, என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவள். அவளுடைய கைகள் அவளைக் கேட்காமலே வேலை செய்யும். நோயாளியாக நடித்த என்னை எழுப்பி, துடைத்து, உடுத்தி, சீவிவிட்டு, சக்கர நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் "தொடலாமா?" என்று கேட்பாள். "பொட்டக் இன்ன, சுகந்தி," என்பார் மிஸ். கொஞ்சம் பொறு. அந்த இரண்டு சிங்களச் சொல்தான் எங்கள் பாடப்புத்தகம்.

சுகந்தியின் அப்பா மாநகர சபையில் தெருக் கூட்டும் வேலை. அவருக்கு இந்த வகுப்பே பிடிக்கவில்லை. "நான் விடியாம எழும்பி இந்த டவுனக் கூட்டினது, நீ கடல் தாண்டிப் போயி கெழவங்களக் கழுவுறதுக்கா?" என்றாராம். அவர் மட்டுமா? குழாயடியில் பக்கத்து வீட்டுப் பவளம் அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது அதைவிட மோசம். "வேல மாறல, ஊருதான் மாறுது." அப்பாவின் சம்மதம் இல்லாமல் ஜப்பானுக்குப் போவதில்லை என்று சுகந்தி இருந்தாள். அவர் சம்மதிப்பதாகவும் இல்லை.

ஒருநாள் பின்னேரம் அவளைக் கூட்டிப்போகவே வந்துவிட்டார். படியேறி வந்து, வாசலில் நின்று, "வா புள்ள, போவோம்," என்றார். மிஸ்தான் போய்ப் பேசினார். "ஐயா, வந்ததுதானே, கொஞ்சம் படுங்க. எங்களுக்கு நோயாளி இல்லை. இந்தப் பிள்ளைகள் எல்லாம் வளையுது, உண்மை ஆள் வளையாது."

மாமா, அப்படித்தான் அவரை நாங்கள் கூப்பிட்டோம், திகைத்துப்போனார். கோபத்தோடு வந்தவரைப் படுக்கச் சொன்னால் என்ன செய்வார்? செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டுப் படுத்தார். சுகந்தி பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, ஒங்க எடது கையத் தொடப்போறேன். சரியா?"

"என்னா புள்ள இது, தொடுறதுக்கெல்லாமா கேப்ப?"

"கேட்கணும் ஐயா. நீங்க சரி சொன்னாத்தான்," என்றார் மிஸ்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கீழே தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி," என்றார். சபை மேலதிகாரி கையெழுத்துப் போடுவதுபோல இருந்தது அந்தச் 'சரி'.

மறுநாள் யாரும் கூப்பிடாமல் வந்தார், துவைத்த சட்டையோடு. அதன்பிறகு எங்கள் நிரந்தர நோயாளி அவர்தான். எங்களுக்கு மார்க் போடுவார், நடுப்பாடத்தில் குறட்டை விடுவார், 'ஹை' என்று ஜப்பானிய மொழியில் ஆமாம் சொல்லவும் கற்றுக்கொண்டார். "சும்மா படுத்துக் கெடக்குறதுக்கு எனக்கும் அங்க வேல இருக்கா மிஸ்?" என்று கேட்டுவிட்டு, கூலியாகப் பணிஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு போவார். விளக்குமாறு பிடித்துத் தடித்த விரல்கள். பொத்தான் போட வெகுநேரமாகும், போட்டாலும் ஓட்டை மாறும். சுகந்தியின் கை தானாக நீளும். பட்டென்று ஓர் அடி விழும். "நானே போடுவேன்ல!"

சம்மதம் அரைகுறையாக வந்தது, அந்தக் கட்டில் எழும்புவதுபோல. "ஜப்பான்காரங்க ஒன்ன எடுத்தாப் போ. எடுக்கலன்னா இந்தப் பேச்ச விட்டுறணும்." சுகந்தி தலையாட்டினாள். ஆக, அவளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு.

எங்களில் வேலைக்கு ஆள் எடுக்க ஜப்பானிலிருந்து ஒரு முதியோர் இல்லத்தின் ஆட்கள் இருவர் வந்தார்கள். கோட் போட்ட ஒருவர், அறுபதைத் தொட்ட ஓர் அம்மா. அந்த அம்மா நேரே வந்து கட்டிலில் படுத்து, தன் இடதுபக்கம் வேலை செய்யாது என்று அறிவித்துவிட்டார். சட்டை மாற்றிவிட வேண்டும். முதலில் நான். கழற்றும்போது நல்ல கை முதலில், போடும்போது வராத கை முதலில், எல்லாம் சரியாகச் செய்தேன். ஐந்து பொத்தானையும் சரசரவென்று நானே போட்டு, குனிந்து வணக்கம் வைத்து, கைதட்டலுக்குக் காத்திருந்தேன். அந்த அம்மா மரியாதையாகச் சிரித்தார். மிஸ் நெற்றியைத் தடவிக்கொண்டார். உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அன்று இரவு பஸ்ஸில்தான் புரிந்தது.

அடுத்து சுகந்தி. சொன்னாள், கேட்டாள், நின்றாள். கைகள் இரண்டும் சட்டைக்குள் போனதும் பொத்தான்களை அந்த அம்மாவிடம் விட்டுவிட்டாள். அவர் ஒற்றைக் கையால் தடவித் தடவிப் போட்டார். வேண்டுமென்றேதான் அத்தனை மெதுவாகப் போட்டாரோ என்னவோ. இரண்டாவது பொத்தான் மூன்றாவது ஓட்டைக்குள் போனது. சட்டை ஒருபக்கம் தூக்கிக்கொண்டது. சுகந்தியின் கை எழும்பியதைப் பார்த்தேன். என் கையும் சேர்ந்து எழும்பியது, சத்தியமாக. அவள் வலது கையை இடது கையால் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அந்த அம்மா கடைசி ஓட்டைவரை தப்பாகவே போட்டு முடித்து, நிமிர்ந்து பார்த்தார். இப்போது என்ன செய்வாள்? விட்டாலும் தவறு, திருத்தினாலும் தவறு.

சுகந்தி கைகழுவும் தொட்டிக்கு மேலே தொங்கிய கண்ணாடியை ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாவின் முன் பிடித்து, "பார்க்கிறீர்களா?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டாள். அவர் தன்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார். ஒவ்வொன்றாக அவிழ்த்து, முதலிலிருந்து அவரே போட்டுக்கொண்டார். முடியும்வரை சுகந்தி கண்ணாடியை இறக்கவில்லை.

எடுத்துவிட்டார்கள். கீழே இருந்த மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னது நான்தான், என் அவசரம் அதற்காவது உதவியது. அவர் பேக்கரிக்காரரிடம், "எல்லாத்துக்கும் பணிஸ் குடுங்க," என்றார். என்னை எடுக்க இன்னொரு தேர்வும், இன்னும் நிறைய 'பொட்டக் இன்ன'வும் தேவைப்பட்டன.

நாட்டை விட்டு ஓடுகிறீர்கள் என்று என்னிடம் வாதாடுகிற நண்பர்கள் உண்டு. நான் விடுவதில்லை. இந்த மலையிலிருந்து தேயிலை போனது, பிறகு தைத்த சட்டைகள் போயின. இப்போது அந்தச் சட்டையை முதியவர்களுக்குப் போட்டுவிடத் தெரிந்தவர்கள் போகிறோம், போடாமல் நிற்கவும் தெரிந்தவர்கள். பெட்டியில் அடைத்து அனுப்பிய தேயிலை திரும்பி வராது. நாங்கள் வருவோம், கற்றதையும் கொண்டுவருவோம். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த மிஸ்ஸே அப்படி வந்தவர்தானே.

நேற்று பேக்கரிப் படி இறங்கியதும், மிச்சமிருந்த பணிஸை எடுத்துக்கொண்டு மாமாவைப் பார்க்க மஹய்யாவவுக்குப் போனேன். குழாயடியில் பவளம் அக்கா மறித்தார். "தம்பி, அந்தக் கிளாஸ் எங்க நடக்குது? எங்க சின்னவளச் சேக்கணும். சுகந்தி வேல மாதிரி கௌரவமான வேல வேற எது?" பழைய பேச்சைத் தேடிப் பார்த்தேன், அவர் முகத்தில் ஒரு தடயமும் இல்லை. டவுனில் இப்போது அப்படி எத்தனையோ வகுப்புகள், பட்டனை அழுத்தினால் எழும்பும் கட்டில்களோடு. ஓர் இடத்தைச் சொன்னேன்.

மாமா ஓய்வு பெற்றுவிட்டார். சுகந்தி போனில் வரும் நேரமாம், நல்ல சட்டையாக மாற்றிக்கொண்டிருந்தார். பேக்கரிக்கு மேலே போனதைச் சொன்னேன்.

"கட்டில் இருக்கா?"

"இல்ல மாமா. மாவு மூட்டதான் இருக்கு."

"பழைய இரும்புக்குப் போட்டிருப்பாங்க." முதல் பொத்தானைத் தேடிக்கொண்டே சொன்னார். "சொல்லியிருந்தா நான் வாங்கியிருப்பேன்ல. என் ஆயுசுல என்னயத் தொட முன்னாடி கேட்டது அந்தக் கட்டில்ல வச்சுத்தான்."

என் கைகள் பின்னால் இருந்தன. அவர் கடைசிப் பொத்தானைப் போட்டு முடிக்கும்வரை நின்றேன்.