நிமிடத்துக்கு நாற்பத்தெட்டுச் சுற்று

ராயபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் நான் டிரில் டீச்சராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். அறுபதுகளின் கடைசி. ஆண்டு விழாவுக்காக எட்டுப் பெண்களுக்குக் கோலாட்டம் சொல்லிக் கொடுத்திருந்தேன். எட்டுப் பேரும் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பள்ளியில் இருந்த சின்ன ரெக்கார்டு பிளேயரில் ஒரே இசைத்தட்டைப் போட்டு இரண்டு மாதம் பழகினோம். கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் அவர்களுக்குக் கோல் தப்பாது.

விழாவுக்கு முதல் நாள் காலை மேடை ஒத்திகை. வாடகை மைக்செட் வந்திருந்தது. அந்த மைக்செட்காரர் எங்கள் தட்டைத் தன் பிளேயரில் வைத்தார். பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பெண்கள் தடுமாறினார்கள். ஒருத்தியின் கோல் பக்கத்தில் இருந்தவளின் விரலில் பட்டு நகம் கன்றிப்போனது.

மேடைக்குக் கீழே தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். மதர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

"மீன்காரத் தெருப் பிள்ளைகளுக்குத் தாளம் எங்கே வரப்போகிறது? இதை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

நானும் அந்தத் தெருவில் பிறந்தவள்தான். அது அவருக்கும் தெரியும்.

விரலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சொன்னாள்: "பாட்டு ஓடுது டீச்சர். எங்களால புடிக்க முடியல."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பாடுகிறவளின் குரலே கொஞ்சம் கீச்சென்று இருந்தது. மைக்செட்காரரிடம் போய்க் கேட்டேன்.

"மிஷின் நல்லாத்தான் கீது டீச்சரம்மா. போன வாரம்தான் ரப்பர் சக்கரம் புச்சா போட்டேன். கொயந்திங்களுக்குப் பயம், அவ்ளோதான்."

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த தாளில் 45 என்று போட்டிருந்தது. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து முறை சுற்ற வேண்டும். அந்தத் தாளின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன்.

"மதர், உங்கள் கடிகாரத்தில் ஒரு நிமிடம் பார்த்துச் சொல்கிறீர்களா? நான் எண்ணுகிறேன்."

வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தார். அவர் "போதும்" என்றபோது நான் நாற்பத்தெட்டில் இருந்தேன். மறுபடி எண்ணினேன். அதே நாற்பத்தெட்டு. பிறகு பள்ளி பிளேயரைத் தூக்கி வரச் சொல்லி, அதில் அதே தட்டைப் போட்டேன். நாற்பத்தைந்து.

"கரண்டு ஏறிகீதோ இன்னாவோ" என்றார் மைக்செட்காரர்.

"ரெண்டும் ஒரே கரண்டுலதானே ஓடுச்சு. ரெக்கார்டு வைக்கிற மேல்தட்டைக் கழட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். உள்ளே ஒரு மோட்டார். அதன் தண்டு ரப்பர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் மேல்தட்டைச் சுற்றுகிறது. தண்டின் மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மைக்செட்காரர் தலையைச் சொறிந்தார்.

"பயய சக்கரம் தேஞ்சு வழுக்கிகினு இருந்துச்சு, பாட்டு இழுத்துச்சு. அதான் தண்டு பருமனா ஆனா வேகமா சுத்தும்னு நான்தான் டேப்ப சுத்தி வச்சேன். புச்சு போட்டப்ப இத்த எடுக்க மறந்துட்டேன்."

பிளேடால் டேப்பைச் சுரண்டி, பசை போக ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். எண்ணினேன். நாற்பத்தைந்து.

"சரி, ஆடட்டும்" என்றார் மதர்.

"பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் மதர். தப்பு அவர்களுடையது இல்லை என்று."

அவர் எழுந்து அலுவலகத்துக்குப் போய்விட்டார். மேடையில் இருந்த மைக்கை எடுத்தேன். வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன, வளாகம் முழுக்கக் கேட்கும் என்று தெரிந்தே பேசினேன்.

"கோலாட்டப் பிள்ளைகள் சரியாகத்தான் ஆடினார்கள். பிளேயர்தான் வேகமாக ஓடியது. மீன்காரத் தெருவுக்குத் தாளம் தெரியும்."

மறுநாள் எட்டுப் பேரும் ஆடினார்கள். கன்றிய விரலில் துணி சுற்றியிருந்தவளும் ஆடினாள். ஒரு கோல்கூடத் தப்பவில்லை.

அடுத்த வருடம் டிரில் வகுப்பையும் நடனத்தையும் வேறொருவரிடம் கொடுத்து, என்னைத் தையல் வகுப்புக்கு மாற்றினார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. மதருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினால் பழையபடி மாற்றிவிடலாம் என்று ஒரு சிஸ்டர் தனியாக வந்து சொன்னார். எழுத மாட்டேன் என்றேன்.