முந்தானை தெரிந்த இடம்

மஹய்யாவையில் குடியிருந்து கண்டித் தெருக்களைக் கூட்டிக் காலம் தள்ளிய பவளக்கொடிக்கு, எண்பத்து மூன்றாம் வருஷக் கலவரத்தில் ஒரு பழக்கம் தொற்றியது. பொட்டைப் பார்த்தே தமிழரென்று பஸ்ஸிலிருந்து இழுத்து இறக்கி அடித்த காலம் அது. அதன்பிறகு யார் பஸ்ஸை மறித்தாலும் அவள் முந்தானை நெற்றிக்குப் போய்விடும். புருஷன் குத்துக்கல் மாதிரி பக்கத்தில் இருக்கும்போதே குங்குமத்தை அழித்துக்கொள்வாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

பத்து வருஷம் கழித்து, ஒரு வேண்டுதலுக்காக இருவரும் பழனிக்குப் போனார்கள். கூட்டிப்போன ஏஜென்ட் முதலிலேயே சொன்னான்.

"அங்க சிலோன்காரங்கன்னாலே சந்தேகம். அந்த ஊருப் பொம்பளைங்க மாதிரி பூவும் பொட்டுமா இருங்க. வாயத் தொறக்காதீங்க."

அப்படியேதான் இருந்தாள். திண்டுக்கல் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தி ஒரு பொலிஸ்காரர் ஏறினார். நாசமாய்ப் போன கை, நெற்றியைத் துடைத்துவிட்டது.

"ஏம்மா, என்னைப் பார்த்ததும் எதுக்குப் பொட்ட அழிக்கிற?"

இருவரையும் இறக்கி, பாஸ்போர்ட்டைப் புரட்டி, பொழுது சாயும்வரை ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். மலை ஏறாமலே திரும்பினார்கள்.

ஊர் வரும் வழியில், கண்டிக்கு முந்திய கடுகண்ணாவையில் பஸ்ஸை மறித்து மறுபடி சோதனை. முந்தானை எழுந்தது. துவக்கோடு ஏறிய சிப்பாய் அவள் குங்குமத்தைத் துடைத்து முடிக்கும்வரை நின்று பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. இங்கே அதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.