ஐஸ் தட்டுக்கு இடமில்லை

அப்போது நாங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பன்னிரண்டு கிலோ குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபீஸுக்கு ஓடும் அவசரத்தில் கையில் கிடைத்ததைத் தின்றுவிடுவேன் என்பதால், ஞாயிறுதோறும் கோதுமை ரவையும் காய்கறியும் எண்ணெயில்லாமல் வேகவைத்து, ஆறு டப்பாக்களில் அடைத்து ஃப்ரீஸரில் வைப்பேன். சின்ன ஃப்ரீஸர். இடம் போதாமல் ஐஸ் தட்டை வெளியே எடுத்துவிட்டேன்.

காய் நறுக்கித் தருபவள் வசந்தா. சேலத்துப் பக்கத்திலிருந்து வந்து, அருகே ஜுக்கிக் குடிசையில் இருந்தாள். மே மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், நான் ஆபீஸிலிருந்து வந்ததும் ஓடி வந்தாள்.

"அம்மா, பாப்பாவுக்கு ஜுரம் அனலா அடிக்குது. கொஞ்சம் ஐஸ் குடுங்கம்மா."

"ஐஸ் வைக்க இடமில்லையே வசந்தா. ஈரத்துணி போடு."

"குழாய்த் தண்ணியே கொதிக்குதும்மா" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் குழந்தை இறந்துவிட்டது.

ஐஸ் அதைப் பிழைக்க வைத்திருக்குமா, தெரியாது. ஆனால் மீதி ஐந்து டப்பாவும் ஃப்ரீஸரில் கல்லாக உறைந்துதான் கிடந்தன. ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தால் அந்த நெற்றி கொஞ்ச நேரம் குளிர்ந்திருக்கும். எனக்கு அது என் சாப்பாடாக மட்டுமே தெரிந்தது.

பத்து நாள் கழித்து வசந்தா வந்தாள். அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டப்பாவுக்கு பீன்ஸ் நறுக்கட்டுமாம்மா?"

பீன்ஸ் கூடையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

இளைத்துவிட்டேன் என்று ஆபீஸில் எல்லோரும் பாராட்டினார்கள். இன்றும் என் ஃப்ரீஸரில் ஒரு தட்டு ஐஸ் எப்போதும் இருக்கும். கேட்டுத்தான் யாரும் வந்ததில்லை.