ஐந்து மணிக்கு வந்தவள்

எங்கள் அன்பியத்தில், அதாவது கோயிலின் தெருவாரி ஜெபக் குழுவில், எட்டுக் குடும்பங்கள். வியாழன்தோறும் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, வரப்போகும் ஞாயிறின் நற்செய்தியை முன்கூட்டியே வாசிப்போம். வாசிப்பது நான். ஒரகடம் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக நாள் முழுக்கக் கத்திய தொண்டைதான் கடவுளின் வார்த்தைக்கும். உண்மையைச் சொன்னால், பல வாரம் என்ன வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. நின்று நின்று வீங்கிய காலைப் பாயில் மடக்கிக்கொண்டு, எப்போது முடியும் என்றுதான் உட்கார்ந்திருப்பேன். கொட்டாவியை அடக்கத் தெரிந்ததால் பக்தியுள்ளவள் என்று பெயர்.

அந்த வியாழன் கூட்டம் பென்னலூரில் என் வாடகை வீட்டில். அன்று காலையில்தான் மேனேஜர் கூப்பிட்டு, காண்ட்ராக்ட் ஆள் ஒருவரைக் குறைக்க வேண்டும், இந்த இரண்டு பேரில் யார் என்று கேட்டிருந்தார். ஒருத்தி சின்னப் பெண், கை அப்படி ஓடும். இன்னொருத்தி எங்கள் அன்பியத்துக்காரி. புருஷன் இல்லை, மகள் நர்சிங் படிக்கிறாள். நாற்பது தாண்டியவளை எந்தக் கம்பெனியும் எடுக்காதபோது நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். ஆனால் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்த அவளுக்குப் பார்வை போதவில்லை. அவள் விட்டதையெல்லாம் நான் குனிந்து முடித்து முடித்து அலுத்துப்போயிருந்தேன். டீ பிரேக்குக்கு முன்பே அவள் பெயரைச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் மெழுகுதிரி ஏற்றி விவிலியத்தைத் திறந்தால், திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள். விடியற்காலையில் ஆள் எடுத்த முதலாளி, மாலை ஐந்து மணிக்கும் போய், யாரும் கூப்பிடாமல் நின்றவர்களையும் சேர்த்துக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே கூலி கொடுத்த கதை. பக்கத்தைப் புரட்டி வேறெதையாவது வாசித்திருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? அதற்கும் தெம்பில்லை. வாசித்தேன்.

வாசித்ததில் மனதைத் தொட்டதை ஆளுக்கொன்றாகச் சொல்வது வழக்கம். அவள் முறை வந்தது.

"அஞ்சு மணிக்கு வந்தது நாந்தான்," என்றாள். "இந்த வயசுல என்னை எவன் எடுப்பான்? அக்காதான் சேத்துவுட்டாங்க. அவங்க நல்லா இருக்கணும்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "கடவுளுக்கு நன்றி" என்று சொல்லி அடுத்த ஆளைப் பார்த்தேன்.

எல்லாரும் போன பிறகு, டீ டம்ளர்களைக் கழுவ அவள் மட்டும் நின்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"திங்கட்கிழமையிலேர்ந்து உனக்கு வேலை இல்ல. பேரைக் கொடுத்தது நான்தான்."

குழாயை மூடினாள். "எப்போ?"

"இன்னிக்குக் காலைல."

மகளைச் சொல்லி அழுவாள், ஏன் என்று கேட்பாள் என்றுதான் நினைத்தேன். கண் பார்வை, டார்கெட் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"வேலைய வுடுக்கா. அத்தினி பேர் எதிர்ல நான் உன்னப் பத்திச் சொல்லசொல்ல, எல்லாம் தெரிஞ்சுகினுதான் கேட்டுக்கினு குந்தினு இருந்தியா?"

"ஆமாம்" என்றேன்.